பூமி பிளந்ததை யார் பார்த்தது?

எங்கள் குலசாமிக்கு உருவம் கிடையாது. ஒரு பெட்டி, அதற்குள் மடித்து வைத்த ஒரு சேலை, அவ்வளவுதான். உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில், மாசி சிவராத்திரிக்கு மறுநாள் காலையில், பங்காளிகள் எல்லாரும் கூடிக் கோயில்வீட்டில் அந்தப் பெட்டியைத் திறப்பார்கள். பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதுச் சேலை வைப்பார்கள். எடுத்த சேலையைப் புதிதாக வந்த மருமகள் கட்டிக்கொள்வாள். வீட்டில் பிறந்த பெண்கள் மட்டும் அதைத் தொடக் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும். எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியவள் நான். இதை மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்தேன். விடுதியில் தங்கல். வகுப்பில் பாதிப் பேர் டவுன்காரர்கள். நான் "அம்புட்டுத்தான்" என்றால் சிரிப்பார்கள், "வாரேன்" என்றால் சிரிப்பார்கள். முதல் வருஷம் முழுக்க வாயைத் திறப்பதற்கே கூச்சப்பட்டேன். இரண்டாம் வருஷம் நாட்டுப்புறக் கதைகளுக்கென்று ஒரு தாள் வந்தது. இந்த இடத்திலாவது இவர்களை ஒரு கை பார்த்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன். கதைக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்?

பாடம் எடுத்தவர் மதுரைப் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த அம்மா ஒருவர். பல தேசத்துக் கதைகள், பல ஜனங்களின் கதைகள் என்று எடுத்து, ஒரே மாதிரிக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவர் சொல்லிக்கொடுத்த வழி ரொம்பச் சுலபமானது.

"கதையில யாருக்குப் பரிசு கிடைக்கறது, யாருக்குத் தண்டனை கிடைக்கறதுன்னு மட்டும் பாருங்கோ. அந்த ஜனங்களுக்கு எது பெரிசுன்னு தானா தெரிஞ்சுடும்."

அந்த மாதத்துக்கு அண்ணன் தங்கை கதைகள் என்று முடிவாயிற்று. முதலில் அவரே ஒன்று சொன்னார். பனி பெய்யும் தேசத்துக் கதை. காட்டில் வழி தவறிப்போன அண்ணன்களைத் தேடித் தங்கை தனியாகக் கிளம்புகிறாள். வழியில் கண்ட வீடுகளிலெல்லாம் தன் தலைமுடியில் ஒரு கற்றையை அறுத்துக் கொடுத்து வழி கேட்கிறாள். அண்ணன்களைக் கண்டுபிடிக்கும்போது அவள் தலை மொட்டையாக இருக்கிறது. அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஊரே கூடி அவளைப் பல்லக்கில் வைத்துக் கூட்டிவருகிறது. "இங்க பொண்ணு வெளிய போனதுக்குப் பரிசு குடுத்திருக்காங்க" என்று ஒரு பையன் எழுந்து சொன்னான். அவன் ஏதோ கேலி பேசியதுபோல எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுத்து என் பக்கத்தில் உட்காரும் பெண். பட்டுத்தறி நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியில் மதுரைத் தமிழ். அவர்கள் வீட்டுக் கதையில் அண்ணன்மார் வியாபாரத்துக்காகத் தூர தேசம் போகிறார்கள். தங்கையை மனைவிமாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த மனைவிமார் அவளைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். சல்லடையில் தண்ணீர் மொண்டு வா என்கிறார்கள், மணலில் கொட்டிய கடுகைப் பொறுக்கு என்கிறார்கள். அண்ணன்மார் திரும்பி வந்ததும் விஷயம் தெரிந்து, மனைவிமாரைச் சுண்ணாம்புக் காளவாசலில் தள்ளிவிடுகிறார்கள். வகுப்பே கைதட்டியது. கூடப் பிறந்தவள்தான் பெரிது, வந்தவள் அப்புறம்தான் என்பது அந்தக் கதையின் நியாயம் என்று பேசி முடித்தோம்.

எங்கள் கதை இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஆள் நான்தான் என்று எழுந்து நின்றேன்.

ஏழு அண்ணன்களுக்கு ஒரே தங்கை. அவர்கள் மானாவாரிக் காட்டில் உழுவார்கள், அவள் கஞ்சி கொண்டுபோவாள். ஒருநாள் வழியில் மாடு ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன் ஒருவன் தண்ணீர் கேட்கிறான். தாகத்துக்குக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லலாமா? ஊற்றுகிறாள். அப்புறம் சந்தை கூடுகிற நாளெல்லாம் அவன் அந்த வழியாகவே வருகிறான். ஒருநாள் கஞ்சி ஆறிப்போய் வந்து சேர்கிறது. ஏன் ஆறியது என்று பெரிய அண்ணன் கேட்கிறான். அவளுக்கு அது பொறுக்கவில்லை. "நான் சுத்தமானவள் என்றால் என்னை எடுத்துக்கொள்" என்று பூமியைப் பார்த்துக் கைகூப்புகிறாள். பூமி பிளந்து அவளை வாங்கிக்கொள்கிறது. கடைசி அண்ணன் ஓடிப்போய் முந்தானையைப் பிடிக்கிறான். கிழிந்த துண்டு மட்டும் அவன் கையில் நிற்கிறது. அண்ணன்மார் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்கிறார்கள். அந்தத் துண்டைப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

வருஷா வருஷம் சேலை வைப்பதையும், எங்கள் பெரியப்பா பெட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து "குத்தம் பொறுத்துக்க தாயி" என்று கதறுவதையும் நடித்தே காட்டினேன். "இன்னைக்கு வரைக்கும் அண்ணன்மாரு வம்சம் தங்கச்சிக்குச் சேலை எடுத்துக் குடுக்குது. எந்தத் தேசத்துக் கதையில இம்புட்டுப் பாசம் இருக்கு?" என்று கேட்டு முடித்தேன். "இம்புட்டு" என்றதற்கு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் நான் ராணி மாதிரி நின்றேன்.

பக்கத்தில் இருந்த நெசவு வீட்டுப் பெண் கை தூக்கினாள். அவளுக்கு என்மேல் எந்தக் காழ்ப்பும் கிடையாது. புரியாததைக் கேட்டாள், அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. பூமி பிளந்தத யாரு பாத்தா?"

"அண்ணன்மாரு பாத்தாங்க."

"வேற யாரு இருந்தா அங்க?"

"யாருமில்ல. காடுதான."

"அப்ப அண்ணன்மாரு வீட்டுல வந்து சொன்னதுதான் கதையா?" கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "ஒங்க பெரியப்பா குத்தம் பொறுத்துக்கன்னு சொல்றாரே, என்ன குத்தம்?"

எல்லாருக்கும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கியது, ஆனால் விளங்காததுபோல நின்றேன். காது மடல் எரிந்தது. "சாமி விசயத்துல குறுக்குக் கேள்வி கேக்கக் கூடாது" என்று வெடுக்கென்று சொன்னேன். அப்போதுதான் சிரித்தார்கள், பின் பெஞ்சில். பாடம் எடுத்த அம்மா மட்டும் சிரிக்காமல், "சிவராத்திரி வர்றதே. ஊருக்குப் போய்க் கேட்டுண்டு வா. வந்து மீதியைச் சொல்லு" என்றார்.

விடுதிக்கு வந்து அந்தப் பெண்ணை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர்கள் கதையில் நாலு பேரைக் காளவாசலில் போட்டு எரித்திருக்கிறார்கள், அதை யாராவது கேட்டார்களா? ஆனாலும் கதையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பனி தேசத்தில் வெளியே போனவளுக்குப் பல்லக்கு. எங்கள் காட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவளுக்குப் பூமி பிளந்தது. யாருக்குத் தண்டனை என்று பார்க்கச் சொன்னார்களே, பார்த்தேன். பாசம், பாசம் என்று ஒரு வகுப்பையே வைத்துக்கொண்டு கூவிய வாய் இது. அன்றைக்கு நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. அப்போதும் அது டவுன்காரர்கள் முன்னால் பட்ட வெட்கம்தான். மண்ணுக்குள் போன அந்தத் தங்கைக்காகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் கூட்டிப்போக வந்தான். அவன் எட்டாம் வகுப்போடு நின்று காட்டு வேலைக்குப் போனவன். என்னை எம்.ஏ. என்றுதான் கூப்பிடுவான். என் துணிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன எம்.ஏ., மூஞ்சி உம்முன்னு இருக்கு? விடுதிச் சோறு எறங்கலையா?" என்றான். ஊர் போய்ச் சேரும்வரை மழை இல்லாததையும், சந்தையில் கிடாய் விற்றதையும் பேசிக்கொண்டே வந்தான். அவனிடம் கேட்டுவிடலாமா என்று பல முறை வாயெடுத்தேன். கேட்கவில்லை.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் கோயில்வீட்டு வாசலில் பெண்களோடு நின்றேன். உள்ளே ஆண்கள். பெரியப்பா பெட்டியைத் திறந்தார். பழைய சேலை வெளியே வந்தது. அவர் விழப்போகிற நேரம், வாசலில் இருந்தபடியே கேட்டுவிட்டேன்.

"பெரியப்பா, பூமி பொளந்தப்ப யாரு யாரு கூட இருந்தாக?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. அத்தனை ஆண்களும் அண்ணனைப் பார்த்தார்கள். நான் தப்பாகக் கேட்டால் என்னைத்தானே முறைக்க வேண்டும்? பெரியப்பா மெதுவாகத் திரும்பி அவனிடம், "ஓந் தங்கச்சி என்னமோ கேக்குதுடா. கேட்டியா?" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் அவர் விழுந்து, வழக்கம்போலக் கதறினார். எங்கள் பெரியப்பா பெட்டிக்கு முன்னால் ஒருநாளும் பொய்யாக அழுததில்லை. கண்ணீர் நிஜமாகவே வரும்.

அன்று முழுக்க வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அண்ணன்தான் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தான். வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. ஆரப்பாளையத்தில் இறங்கியதும் எப்போதும் பருத்திப்பால் வாங்கிக் கொடுப்பான். அன்றைக்கும் வாங்கிக் கொடுத்தான். கடையை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அவனாகப் பேசினான்.

"மீசை மொளைக்கிற வயசுல பொட்டி தூக்க விடுவாகல்ல. அன்னைக்கு ஆம்பளப் பிள்ளைகள மட்டும் உள்ள வச்சுச் சொல்லுவாக."

"என்ன சொல்லுவாக?"

"பூமி பொளக்கல புள்ள. தோண்டுனாக."

ஒரு பஸ் கிளம்பி, ஊர் ஊராகப் பெயர் சொல்லி ஆள் கூப்பிட்டுக்கொண்டே போனது. அது போகும்வரை இருந்து மீதியைச் சொன்னான். அவள் அந்த மாட்டுக்காரனோடு போகிறேன் என்று சொன்னாளாம். ஏழு பேரும் காட்டிலேயே குழி வெட்டினார்களாம். பின்னால் ஒருவனை ஒருவன் கை காட்டிவிடக் கூடாது என்று ஆளுக்கொரு கை மண் தள்ள வேண்டும் என்றானாம் பெரியவன். சின்னவன் மாட்டேன் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். கடைசியில் அவனும் தள்ளினானாம்.

"நம்ம அந்தச் சின்னவன் வம்சம்" என்றான் அண்ணன். ஏதோ அதில் ஆறுதல் இருப்பதுபோலச் சொன்னான்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் பனி தேசம்வரை போயிருந்தேன். எங்கள் வீட்டிலேயே இரண்டு கதை இருந்திருக்கிறது. வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஒன்று, உள்ளே நிற்பவர்களுக்கு ஒன்று.

"செஞ்ச பாவம் தெரியணும்னு சொல்றாகளா?" என்று கேட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவன் இல்லையென்று தலையாட்டினான். "அழுவுறது வேற. இது வேற. நாளப்பின்ன வீட்டுல அப்பிடி ஒண்ணு ஆச்சுன்னா, ஒருத்தன் தலையில கட்டாம எல்லாரும் கை வைக்கணும்னு சொல்றாக."

பாதி குடித்த பருத்திப்பால் டம்ளரைக் கீழே வைத்தேன். அவன் அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீ மேல படிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னப்ப யாரும் சம்மதிக்கல. பொட்டப்பிள்ளயத் தனியா மருதைக்கு அனுப்புறதான்னு பேச்சு. பெரியப்பா என்னையப் பொட்டிக்கு முன்னாடி நிப்பாட்டிக் கேட்டாரு, ஏதாச்சும் ஆனா நீ மொத கை வைப்பியாடான்னு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். சரின்னாத்தான் ஒன்னய விடுவாக."

நான் படித்த படிப்பு, நின்று வாதாடிய வகுப்பு, வாசித்த கதைகள் எல்லாமே அவன் சொன்ன ஒரு "சரி"யில் வந்தவை. அது தெரியாமல் மிடுக்காகத் திரிந்திருக்கிறேன். சபையில் சேலை அவிழ்ந்து நிற்கிறவள்போலக் கூசிப்போனேன். அந்தப் பஸ் ஸ்டாண்டில் எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவனும் அழுதுகொண்டிருந்தான், சத்தம் வராமல்.

"அண்ணே, நெசமாவே ஏதாச்சும் ஆகியிருந்தா?"

ஒரு பொய் போதும். சும்மா வாய் வார்த்தைக்குத்தான் சொன்னேன் போடி என்றால் நான் நம்பியிருப்பேன். அவன் என்னிடம் பொய் சொல்லிப் பழகாதவன்.

"தெரியல புள்ள" என்றான். பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நின்றிருந்த உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

திங்கட்கிழமை வகுப்பில் இரண்டு கதையையும் சொன்னேன். ஊரைச் சொல்லவில்லை, அண்ணனைப் பற்றியும் சொல்லவில்லை. ஆம்பளைகள் உள்ளே சொல்லிக்கொள்ளும் கதை என்று மட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஒங்க பக்கமெல்லாம் அப்படித்தான்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்று ஒருத்தன் சொன்னான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "எங்க பக்கத்துல பொட்டி வச்சு அழவாச்சும் செய்றாக. ஒங்க பக்கத்துல என்ன செய்றாக?" என்று கேட்டேன். கேட்டதும் கோபம் வடிந்து மறுபடி வெட்கம்தான் மிச்சம் நின்றது. எதைக் காப்பாற்றப் பேசினேன்?

வகுப்பு முடிந்ததும் நெசவு வீட்டுப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"நான் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டது நல்லதுதான்."

"எங்க கதையில பொண்டாட்டிமார எரிச்சதுக்கு எல்லாரும் கை தட்டுனோம்ல? நானும் சேந்துதான் தட்டுனேன். நேத்து அத நெனச்சுத் தூக்கமே வரல" என்றாள். நாங்கள் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவள் கல்யாணத்துக்கு நான் போனேன், என் கல்யாணத்துக்கு அவள் வந்தாள்.

என் கல்யாணம் படிப்பு முடிந்த மறு வருஷம் நடந்தது. வீட்டில் பார்த்த மாப்பிள்ளை. சொந்தத்துக்குள்தான். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. படிக்கிற காலத்தில் யாரையாவது பிடித்திருந்ததா என்று என் மகள் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. ஆரப்பாளையத்தில் அன்றைக்குப் பருத்திப்பாலைக் கீழே வைத்ததற்கு அப்புறம், யாரையும் பிடித்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். பையன் ஒருவன் என்னிடம் புத்தகம் கேட்டால் கொடுத்துவிட்டு, திருப்பித் தரும்போது வேறொருத்தியிடம் கொடுத்துவிடச் சொல்வேன். அம்புட்டு ஜாக்கிரதை. இதை மகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை.

அண்ணன் என் கல்யாணத்தில் பந்தக்கால் நட்டதிலிருந்து கடைசிப் பந்தி முடியும்வரை உட்காரவே இல்லை. எனக்கு ஒரு தலைவலி என்று கேள்விப்பட்டால் முதல் பஸ்ஸில் வந்து நிற்பான். இந்த மாதிரி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று புகுந்த வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். ஆமாம் என்பேன், மனசாரத்தான் சொல்வேன். அவன் கை வைத்திருப்பானா, மாட்டானா என்பது இன்றுவரை அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி நான் ஒருநாளும் நடந்துகொள்ளவில்லை.